நாலாம் தலத்தின் முகம்

“ஆண்டவற்றை முகம் உமக்குத் தெரியுமோ, பிள்ளை?”

சூசைதாசன் அண்ணை இப்படிக் கேட்டபோது என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. ஞாயிற்றுப் பூசை முடிந்து, கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். சப்பாத்துகளில் ஒட்டி வந்த பனி உருகித் தரையெல்லாம் உப்புக் கறையாகக் கிடந்தது. அவர் எங்கள் தமிழ்ப் பங்குச் சபையின் தலைவர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

“தெரியாது அண்ணை. உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ, அப்படியே கீறிவிடுறன்” என்றேன்.

அவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை சூசைதாசன் அண்ணை சேரவில்லை.

கனடாவில், மொன்றியலில் நாங்கள் பூசை காணும் அந்தக் கோயில் எங்களுடையது இல்லை. மேல்மாடி பிரெஞ்சுக்காரருக்கு. அங்கே சுவர் நெடுக, ஆண்டவர் சிலுவை சுமந்து போன பாதையின் பதினாலு தலங்களும் சுண்ணச் சிற்பங்களாக, பொன் பூசிய சட்டங்களுக்குள் இருக்கும். பார்க்கத்தான் ஆள் குறைவு. கீழே எங்களுக்கு ஆள் நிறைய, சுவர்தான் வெறும் சுவர். சுடுதண்ணீர்க் குழாய், அடுக்கிய கதிரைகள், ஒரு மணிக்கூடு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுவரில் கடதாசிச் சிலுவைகளை ஒட்டி, அவற்றின் முன் முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை செய்வோம்.

அந்த வருடம் மன்னார்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் சுவாமியார் இங்கே மேற்படிப்புக்கு வந்திருந்தார். தவக்காலம் தொடங்குமுன் தாலந்து உவமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஆண்டவர் தந்ததைப் புதைத்து வைத்தால் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்றார். பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“நீர் படம் கீறுவீராம். பதினாலு தலமும் கீறித் தாரும். இந்தத் தவக்காலத்துக்கு அதுதான் உம்மடை ஒறுத்தல், தவம்.”

எனக்குப் பின்னால் நின்ற புளோரா அக்கா காதுக்குள் சொன்னா: “ஆண்டவர் எனக்குத் தந்த தாலந்து வெங்காயத்தாள் கட்டுறது. அதுக்கும் கணக்குக் கேப்பாரோ?”

ஊதா முதலில் தெரிந்த நிறம்

படம் கீற எனக்குக் கற்றுத்தந்தது கோயில். பள்ளிக்கூடம் பிறகுதான் வந்தது.

ஊரில் சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த கொட்டிலில் ஒரு கன்னியாஸ்திரி ஞானோபதேசம் படிப்பிப்பா. புத்தகம் கிடையாது. கலர்ச் சோக்குத் துண்டுகள் ஒரு பால்மாத் தகர ரின்னில் இருந்தன. பாவம் என்றால் என்ன என்று கேட்டால், “கீறிக் காட்டுங்கோ” என்பா. நான் என்ன கீறினேன் என்று நினைவில்லை. சோக்கைத் தண்ணீரில் தொட்டுக் கீறினால் நிறம் இறுகிப் பிடிக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.

நிறங்களின் பெயரைச் சொல்லித்தந்ததும் பூசை உடுப்புகள்தான். சாதாரண ஞாயிறுகளுக்குப் பச்சை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்காவுக்கு வெள்ளை. வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளுக்குச் சிவப்பு. தவக்காலத்துக்கு ஊதா. செத்தவீட்டுப் பூசைக்கும் ஊதாவைத்தான் போடுவார்கள். அந்த வருடங்களில் எல்லா மாதமும் தவக்காலம் போலிருந்தது. எனக்கு முதலில் தெரிந்த நிறம் ஊதா.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மா கையெழுத்து வைப்பா, அவ்வளவுதான். அப்பா அதுவும் இங்கே வந்துதான் பழகினார். கடலில் வலை இழுத்தவர், இப்போது துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி இறக்குகிறார். பூசையில் வாசகம் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஆனால் சிலுவைப்பாதையில் கண்ணை மூடமாட்டார். ஆண்டவரின் பாடுகளை அவர் அறிந்துகொண்டது சுவரில் தொங்கிய பதினாலு படங்களிலிருந்துதான்.

நான் கீறப்போகிறேன் என்றதும் வேலையிடத்தில் கழித்துவிட்ட ஒட்டுப்பலகை மூடிகளைக் கேட்டு வாங்கி வந்தார். விளிம்பைத் தானே அரத்தாள் போட்டுத் தேய்த்தார்.

“படத்துக்குக் கீழை எழுத்து ஒண்டும் வேண்டாம். நம்பரை மட்டும் போடு. மிச்சம் நான் வாசிப்பன்” என்றார்.

கல்லூரியில் ஓவிய வகுப்புக்கு முதல் வரைபை எடுத்துப்போனேன். என் ஆசிரியை நல்ல பெண். பலகையைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தா. “என்னுடைய தலைமுறை கோயிலின் பிடியிலிருந்து தப்பி ஓடி வந்தது. நீ திரும்பி உள்ளே போகிறாயா?” என்று பிரெஞ்சில் கேட்டா. கோபமாக இல்லை, கவலையாக. நாங்கள் எதிலிருந்து ஓடி வந்தோம், ஓடும்போது எதைப் பிடித்துக்கொண்டு வந்தோம் என்று விளக்க அப்போது என்னிடம் அந்த மொழி போதவில்லை. “ஓம், போகிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

கோயிலில் நான் படிப்புத் தலைக்கேறியவள். வகுப்பில் கோயில் பைத்தியம். இரண்டு இடத்திலும் எனக்கு மூக்கு நுனியில் கோபம் இருந்தது. கோபத்தோடு கீறினால் கோடு நன்றாக வரும்.

அடர்த்தியில்லாத தாடி

மூன்று தலங்கள் முடிந்திருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் புளோரா அக்கா கார்ட்டியர்விலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தா. ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. கையில் எப்போதும் கொத்தமல்லி மணக்கும். புருசன் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகனைத் தங்கையிடம் வன்னியில் விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடலாம் என்று வந்தவ. ஸ்பொன்சர் இழுபட்டது. பிறகு சண்டை முற்றி வன்னிக்கான பாதை மூடியது. இப்போது பல மாதங்களாகப் போனும் இல்லை.

குளிர்க் கோட்டைக் கழற்றாமலே, கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் வண்ணக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தா. முதல் தரம் நற்கருணை வாங்கும் நாளில் போடும் முதல்நன்மை உடுப்பில் ஒரு பெடியன். வெள்ளைச் சேட், கையில் மெழுகுதிரி, புகைப்படக்காரனுக்குப் பயந்த கண்.

“நாலாம் தலம் இனித்தானே?”

நாலாம் தலத்தில், சிலுவை சுமந்து போகும் மகனைத் தாய் வழியில் காண்கிறாள்.

“ஓம் அக்கா.”

“இவனை வை.”

“அக்கா, இது சின்னப்பிள்ளை.”

“அதுக்குத்தானே உன்னட்டை வந்தனான். நீ படிச்சனி. வளத்துக் கீறு. இப்ப மீசை வந்திருக்கும்.”

நான் அவவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவனை வளர்த்தேன். தாடை தாயினுடையது, மூக்கு தகப்பனுடையதாம். அவ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தா.

“நெத்தியைக் குறை. உப்பிடிக் கீறினால் கலியாணத்துக்கு முதலே வழுக்கை விழுந்திடும்.”

“கையை ஆட்டாதேங்கோ அக்கா, மேசை ஆடுது.”

“அந்தத் தாடியை எடு.”

“இயேசுவுக்குத் தாடி இல்லாமல் சூசைதாசன் அண்ணை விடமாட்டார்.”

“அப்ப கொஞ்சமா வை. எங்கடை ஆக்களுக்கு அடர்த்தியா வராது. தகப்பனுக்கும் அங்கை ஒண்டு இங்கை ஒண்டுதான்.”

அம்மா அடுப்படியில் நின்று சிரித்தா. புளோரா அக்காவும் சிரித்தா. அப்படியே, சிரித்த வாயோடு, ஈரம் காயாத பலகைக்கு மிகக் கிட்டக் குனிந்து பார்த்தா. “வளந்திட்டான்” என்றா.

தாயின் முகத்துக்கு வேறு யாரைத் தேடுவது? அவவையே வைத்தேன். சந்தைக்குப் போடும் தொப்பியை எடுத்துவிட்டு முக்காடு போட்டேன்.

அதற்கு அப்பால் போகாதவ

பதினாலு பலகைகளையும் சுவரில் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அந்த நாட்களில் சனம் வீட்டில் இருக்கமுடியாமல் கோயிலுக்கு வந்தது. வீட்டில் வானொலி ஓடிக்கொண்டே இருந்தது. ஊரில் குண்டு விழுந்த இடங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. தெரிந்த பெயர் வரும்போது யாராவது கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள்.

சிலுவைப்பாதையில் குருவும் சனமும் தலத்துக்குத் தலம் நகர்ந்து போகவேண்டும். நாலாம் தலத்தில் புளோரா அக்கா முழந்தாளிட்டா. எல்லோரும் எழுந்து ஐந்தாவதுக்குப் போனோம். அவ எழும்பவில்லை. நாங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பதினாலையும் முடித்துத் திரும்பும்வரை அங்கேயே இருந்தா. அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

அதற்குள் சனத்துக்கு விளங்கிவிட்டது. ஒரு தாய் தன் மகளின் படத்தைக் கொண்டுவந்து, “எட்டாம் தலத்திலை அழுகிற எருசலேம் பெண்களுக்குள்ளை இவளையும் நிப்பாட்டுவியோ?” என்று கேட்டா. இன்னொருவர் பாஸ்போட் அளவுப் படம் ஒன்றை என் கோட்டுப் பையில் வைத்துவிட்டுப் போனார்.

“கோயில் சுவரைக் குடும்பப் போட்டோ அல்பமாக்கிப்போட்டாள்” என்று சூசைதாசன் அண்ணை சொன்னாராம். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஒரு படத்துக்கு மட்டும் துணி

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தால் கோயிலிலுள்ள சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது எங்கள் வழக்கம். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பெரிய வெள்ளியன்று திறப்பார்கள். மற்றவை பாஸ்கா இரவுவரை மூடிக்கிடக்கும்.

அந்த ஞாயிறு நான் படியிறங்கி வந்தபோது மாதா சுரூபம் மூடியிருந்தது. அந்தோனியார் மூடியிருந்தார். சுவரில் பதின்மூன்று படங்கள் திறந்திருந்தன. நாலாவதன்மேல் ஊதாத் துணி.

சூசைதாசன் அண்ணை ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்.

“இதென்ன அண்ணை?”

“வழக்கம் பிள்ளை. உமக்குத் தெரியாதே?”

“சுரூபங்களைத்தான் மூடுறது. சிலுவைப்பாதையை ஒருநாளும் மூடுறேல்லை. அப்பிடி மூடினாலும் ஒண்டை மட்டும் மூடுறேல்லை.”

“படிச்ச பிள்ளை கதைக்குது.”

“ஓம், படிச்சனான்.”

சுவாமியார் உடுப்பு மாற்றாமல் ஓடி வந்தார். தேநீர் மேசையடியில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். புளோரா அக்காவும் அங்கேதான், கோப்பைகளை அடுக்கியபடி.

சூசைதாசன் அண்ணை குரலைத் தாழ்த்தினார். “நாலாம் தலத்திலை அந்தப் பெடியன்ரை முகம். சரி. அப்ப பன்னிரண்டாம் தலத்திலை தொங்கிறது ஆர்? பதின்மூண்டிலை இறக்கிறது ஆரை? அந்த மனிசி தன்ரை பிள்ளை உயிரோடை இருக்கவேணும் எண்டு மண்டாடுது. நீர் அவனைக் கொல்லக் கொண்டுபோற வழியிலை கீறி வைச்சிருக்கிறீர்.”

அவருடைய தங்கையின் குடும்பமும் வன்னிக்குள்தான் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

மற்றப் பலகைகளில் நான் கீறியது வேறு முகம், யாருடையதும் இல்லாத முகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் புளோரா அக்கா வந்துவிட்டா. கையில் ஈரக் கோப்பை.

“அண்ணை, நீங்கள் பதினாலு மட்டும் போறியள். எனக்கு நாலு காணும். அங்கை தாய் பிள்ளையைக் காணுறா. அதுக்கங்காலை நான் போகேல்லை.”

சுவாமியார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாலந்தைப் புதைக்காதே என்று பிரசங்கம் வைத்த அதே ஆள்தான். “இப்ப விடுவம் பிள்ளை. பாஸ்கா முடியட்டும், பேந்து பாப்பம்” என்றார்.

துணி அப்படியே இருந்தது.

பெரிய வெள்ளியன்று நிற்க இடமில்லை. மூன்றாம் தலம் முடிந்து நாலாவதுக்கு வந்தோம். சூசைதாசன் அண்ணைதான் முன்னின்று பாட்டைத் தொடங்கினார். எங்களுக்கு முன்னால் வெறும் ஊதா. புளோரா அக்கா எழுந்து போய்த் துணியின்மேல் கையை வைத்தா. தேடவில்லை. கன்னம் எங்கே என்று கைக்குத் தெரிந்திருந்தது. பாட்டு நடுவில் நின்றது. மிச்சத்தை என் அப்பா பாடி முடித்தார்.

பாஸ்கா இரவு அந்தத் துணியை எடுத்ததும் சூசைதாசன் அண்ணைதான். வேறு யாரையும் ஏணியில் ஏறவிடவில்லை.

அதிலை அவன் நடக்கிறான்

மண்டப வாசலில் மரங்கள் தளிர்விடத் தொடங்கியிருந்த நாட்களில் ஊரில் சண்டையும் எல்லாமும் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதற்கும் சில வாரங்கள் கழித்துத்தான் புளோரா அக்காவின் தங்கை முட்கம்பி முகாமுக்குள்ளிருந்து ஒரு போன் எடுத்தா.

பெடியன் தை மாதமே போய்விட்டான். தண்ணீர் எடுக்கப் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தவன்மேல் குண்டு விழுந்தது. புதைக்கக் கிடங்கு வெட்டினார்களா, மண்ணை மட்டும் மூடினார்களா, தங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடத்தின் பெயரும் தெரியாது.

தை மாதம் என்றால் எங்களுக்குத் தவக்காலமே தொடங்கவில்லை. எங்கள் அடுப்படியில் தாடியைக் கூட்டிக் குறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

பெட்டி இல்லாத செத்தவீட்டுப் பூசை நடந்தது. ஒழுங்குகள் எல்லாவற்றையும் சூசைதாசன் அண்ணை பார்த்தார். பீடத்துக்கு முன்னால் முதல்நன்மைப் படத்தை வைத்தோம். பூசை தொடங்குமுன் அவர் புளோரா அக்காவிடம் குனிந்து, “அந்தப் பெரிய படத்தையும் கொண்டுவந்து வைக்கட்டோ?” என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணை. அதிலை அவன் நடக்கிறான்.”

என் ஓவியத்தைப் பற்றிப் பலர் பலது சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் பதினாலுக்கும் நல்ல புள்ளியும் கிடைத்தது. இந்தச் சொல்லுக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை.

மெழுகுதிரிக்கு ஓர் இடம்

இதை எழுதும்போது வெளியே இலைகள் கொட்டி முடிந்துவிட்டன. நவம்பர் மரித்தோரின் மாதம். தொடக்கத்திலேயே எங்கள் சனம் சேமக்காலைக்குப் போய், தங்கள் ஆட்களின் கல்லறைகளைத் துடைத்து மெழுகுதிரி கொளுத்தும். இங்கே காற்று விடாது. தகரப் பேணிக்குள் வைத்துக் கொளுத்துவார்கள்.

போன சனிக்கிழமை புளோரா அக்கா வந்தா. இந்த முறை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தா. அம்மா வைத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தா.

“எல்லாரும் சேமக்காலைக்குப் போகினம். நான் எங்கை போறது?”

நான் வண்ணக் கிண்ணங்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தேன்.

“பதினாலாம் தலத்திலை நீ கீறின முகம் ஆற்றை?”

“ஒருத்தற்றையும் இல்லை அக்கா.”

“அப்ப அதை எடுத்துப்போட்டு இவனை வை. கல்லறையிலை வைக்கிற தலம்தானே. அதுக்கு முன்னாலை ஒரு திரி கொளுத்துவன்.” கோப்பையைக் கழுவ எழுந்தவ திரும்பி நின்றா. “அவன்ரை கண்ணை மூடிக் கீறு. கஷ்டப்பட்ட மாதிரி வேண்டாம்.”

மண்டபத்தைப் பூட்டும் திறப்பு சூசைதாசன் அண்ணையிடம். போன் எடுத்து, பதினாலாம் பலகை வேண்டும் என்றும், ஏன் வேண்டும் என்றும் சொன்னேன். மறுக்கப் போகிறார் என்று நினைத்து இரண்டு மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர், “அதுக்குக் கீழை தட்டு ஒண்டு அடிக்கவேணும். திரி வைக்க” என்றார். அன்று பின்னேரமே பலகையைத் தன் வாகனத்தில் ஏற்றி வந்து, எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று போய்விட்டார்.

நேற்று அந்த யாருடையதும் இல்லாத முகத்தின்மேல் வெள்ளை பூசினேன். மெல்லிய பூச்சாக இரண்டு தரம். சீலையும் கைகளும் கல்லும் அப்படியே இருக்க, முகம் இருந்த இடம் மட்டும் வெறுமையாயிற்று. இன்று காலை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. மூடிய இரண்டு கண்களையும் முதலில் கீறிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.